புதுப்பிப்பு: பெருவிடைக் குஞ்சுகளும் கரையான் பானையும்

போன மாதம் கேட்டிருந்தேன்: மூன்று வாரப் பெருவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 22, கம்பும் குருணையும் தின்று எடை ஏறாமல் நிற்கின்றன, இயற்கையாக என்ன சேர்க்கலாம் என்று. நீங்கள் சொன்னதில் மூன்றைச் செய்து பார்த்தேன்.

கரையான்தான் முதலிடம். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தேன். விடியும்போது பானைக்குள் கரையான் மொய்த்துக் கிடந்தது. தட்டிக் கொட்டியதும் குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடி வந்தன. வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு முந்திக்கொள்ளும்.

தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணிச் செடியான அசோலாவில் தப்பு என்னுடையது. 20 சதவீதத்துக்கு மேல் புரதம் என்பது காய்ந்த கணக்கு. பச்சையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அள்ளிப் போட்டதில் எச்சம் நீராகப் போனது. இப்போது நன்றாக அலசி, நிழலில் வாட்டி, ஒரு பிடி மட்டும் தீவனத்தோடு பிசைகிறேன். சரியாகிவிட்டது.

முருங்கைக்கீரையைக் கொத்தாகத் தொங்கவிட்டேன். அதைக் கொத்தும் மும்முரத்தில் சண்டையும் குறைந்தது.

அப்புறம், மஞ்சளும் சீரகமும் கொடுத்தால் தடுப்பூசி வேண்டாமா என்று கேட்ட தம்பிக்கு: கட்டாயம் வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஏழாம் நாளே லசோட்டா என்ற தடுப்பு மருந்தைச் சொட்டாக விட்டாயிற்று. எட்டாவது வாரம் ஊசி.

இப்போது 21 குஞ்சுகள். ஒன்றைப் பருந்து தூக்கிப் போனது. நன்றாக எடை ஏறியதாகப் பார்த்துத்தான் எடுத்தது.