ஆறுமுகம் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் மகனுக்குப் பெயர் சூட்டுகிறோம். என் தாத்தாவின் பெயரான ஆறுமுகத்தையே வைக்க எனக்கு ரொம்ப ஆசை. வீட்டில் பாதிப் பேர், "இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இதுவா?" என்கிறார்கள்.

எனக்கோ இதைவிட அழகான பெயர் தோன்றவில்லை. சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாக இருந்து, கார்த்திகைப் பெண்களிடம் பால் குடித்து, பார்வதி வாரி அணைத்ததும் ஓர் உருவான முருகனின் பெயர். ஒவ்வொரு முகமும் என்ன செய்கிறது என்று திருமுருகாற்றுப்படை தனித்தனியாகச் சொல்கிறது. ஒரு முகம் உலகின் இருள் நீங்க ஒளி வீசுகிறது, ஒன்று அன்பர்களுக்கு வரம் கொடுக்கிறது, ஒன்று வள்ளியைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தச் சிரிக்கும் முகம்தான் எனக்குப் பிடித்தது. நல்லூர் ஆறுமுக நாவலர் பிறந்தது 1822-இல். இத்தனை காலம் புழங்கிய பெயர் நம் தலைமுறையோடு நின்றுவிடக் கூடாது.

சண்முகம் என்று வைக்கலாமே என்கிறார் மனைவி. பொருள் ஒன்றுதான், ஆனால் தாத்தா பெயர் ஆகாதே.

பத்து வயதுக்குள் ஆறுமுகம் யாராவது உங்கள் வீட்டில் உண்டா? பள்ளியில் கேலி செய்கிறார்களா? செல்லமாக எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? அப்புறம், பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் எழுதும்போது 'மு'வுக்கு ஒரு யூ போட்டீர்களா, இரண்டு ஓ போட்டீர்களா? பாஸ்போர்ட் எடுக்கும்போது சிக்கல் வந்ததா? அனுபவப்பட்டவர்கள் அவசியம் சொல்லுங்கள்.