ஹாலிவுட் மேஜிக் காசில்: சின்ன அறையில் நடக்கும் மைண்ட் ரீடிங் ஷோவுக்கு முதல் தடவை போறவங்க என்ன தெரிஞ்சுக்கணும்?

நெய்தல்_77

அடுத்த மாசம் லாஸ் ஏஞ்சலஸ் போறோம். மேஜிக் காசில் அங்கே இருக்கிற மேஜிக் கலைஞர்களோட தனியார் கிளப். மெம்பர் ஒருத்தர் மூலமா அதுக்கு கெஸ்ட் பாஸ் கிடைச்சிருக்கு. நாங்க நாலு பேர்: நான், வீட்டுக்காரர், ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமனார், 15 வயசுப் பொண்ணு. ஆளை ரெண்டா அறுக்கிற மேடை ஷோ வேண்டாம். இருபது முப்பது பேர் மட்டும் உட்கார்ந்து, மனசுல நினைச்சதைக் கையெட்டும் தூரத்துல ஒருத்தர் சொல்ற ஷோதான் பார்க்கணும்.

டிரஸ் கோட் நிஜமாவே அவ்வளவு கண்டிப்பா? மாமா வேட்டிதான் கட்டுவார். எந்த சீட் நல்லது? கூப்பிட்டா போய்த்தான் ஆகணுமா? போனா என்ன செய்யச் சொல்வாங்க? மாமாவுக்கு இங்கிலீஷ் புரியும், ஆனா வேகமாப் பேசினா கஷ்டம். கடைசியா ஒண்ணு: முன்னாடியே ஆள் செட் பண்ணி வச்சிருப்பாங்கன்னு வீட்டுக்காரர் சாதிக்கிறார். உண்மையா?

பர்பாங்க்_பக்கம்

முதல்ல பொண்ணு விஷயம். ராத்திரி போகணும்னா 21 வயசு ஆகியிருக்கணும். அப்பா அம்மா கூட வந்தாலும் விடமாட்டாங்க. வார இறுதி பகல் பிரஞ்ச்சுக்கு (காலை டிஃபனும் மதியச் சாப்பாடும் சேர்ந்தது) பிள்ளைங்களை விடுறாங்க. நாலு பேரும் சேர்ந்து போகணும்னா அதுக்குத்தான் புக் பண்ணணும். பாஸ் இருந்தாலும் ரிசர்வேஷன் தனியாப் போடணும், நுழைவுக் கட்டணம் தனி, சாப்பாடும் அங்கேயே சாப்பிட்டாகணும். இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு இறங்குங்க.

டிரஸ் கோட் கண்டிப்புதான். ஆம்பளைங்களுக்கு கோட், டை. ஜீன்ஸ், ஸ்னீக்கர்னா வாசலோட சரி. பட்டுப்புடவை அந்த இடத்துக்கு நல்லாவே பொருந்தும். வேட்டிக்கு ரிசர்வேஷன் போடும்போதே "எங்க பாரம்பரிய விசேஷ உடை"ன்னு எழுதிக் கேட்டு, சரின்னு மெயில்ல பதில் வாங்கி ஃபோன்ல வச்சுக்குங்க. வாசல்ல நின்னு விளக்கம் சொல்லிட்டிருந்தா ஒரு ஷோ போயிடும்.

அடுத்தது தேதி. பாஸ் கையில வந்ததும் வசதியான நாளைப் பார்த்து எல்லாரும் போட்டுடறாங்க, அது தப்பு. காசில்ல வாரத்துக்கு வாரம் கலைஞர்கள் மாறுவாங்க. அந்த வாரத்துப் பட்டியலைப் பார்த்து, யார் மெண்டலிஸ்ட் (மனசைப் படிக்கிற வித்தை செய்றவர்), எந்த அறையில, எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் நாள் குறியுங்க. இல்லைன்னா வாரம் முழுக்க சீட்டுக்கட்டும் புறாவும்தான் கிடைக்கும்.

காசில் உள்ளே இருக்கிற அறைகள்ல பேலஸ் ஆஃப் மிஸ்டரி பெரிய அரங்கு, மேடை ஷோ. பார்லர் நடுத்தரம், எழுதி, மடிச்சு, நினைச்சு விளையாடுற மெண்டலிசத்துக்கு அந்த அளவு அறைதான் சரியா வரும். க்ளோஸ்-அப் கேலரியில 20 சொச்சம் பேர்தான் உட்காரலாம், ஒரு மேசையைச் சுத்திப் படிப்படியா சீட். அந்த 20-ல இடம் பிடிக்க முன்கூட்டியே வரிசையில நிக்கணும், கதவு மூடினா மூடினதுதான். சாப்பாட்டு நேரமும் ஷோ நேரமும் இடிக்கிறதுதான் அங்கே வழக்கமா நடக்கிற சொதப்பல். டேபிள்ல உட்கார்ந்ததுமே "எங்களுக்கு இத்தனை மணி ஷோ"ன்னு சர்வர்கிட்ட சொல்லிடுங்க.

அது 1909-ல கட்டின மாளிகை. 1963 ஜனவரி 2-ம் தேதி கிளப்பாத் திறந்தாங்க. வரவேற்பறையில உள்ளே போற கதவே தெரியாது, புத்தக அலமாரிதான் இருக்கும். அதுல உட்கார்ந்திருக்கிற ஆந்தைகிட்ட "ஓப்பன் செசமி"ன்னு சொன்னா அலமாரி நகரும். அதைச் சொல்ற வாய்ப்பைப் பொண்ணுக்குக் குடுங்க. அதுக்கு அந்தப் பக்கம் ஃபோட்டோ, வீடியோ கூடாது. இர்மா அறையில ஆளில்லாத பியானோ ஒண்ணு நீங்க கேட்கிற பாட்டை வாசிக்கும். வரிசையில நிக்கிற அலுப்பு தீர அங்கே பத்து நிமிஷம் போகலாம்.

மூணாம்_வரிசை

சீட் பத்தி. க்ளோஸ்-அப்னா முதல் வரிசை, ரெண்டாம் யோசனை வேண்டாம். மேசை மேல நடக்கிறதைத் தலைகளுக்கு நடுவால எட்டிப் பார்க்கிறதுல பிரயோஜனம் இல்ல. பார்லர்ல மெண்டலிசம்னா வேற கணக்கு: ரெண்டாவது, மூணாவது வரிசை, நடைபாதை ஓரம். மெண்டலிசத்துல பார்க்க வேண்டியது கலைஞரோட கையை இல்ல, எழுந்து நிக்கிற பார்வையாளரோட முகத்தை. முதல் வரிசையில இருந்தா அந்த முகம் உங்க முதுகுப் பக்கம் போயிடும்.

யாரைக் கூப்பிடுவாங்க? ஓரத்துல இருக்கிறவங்க, சொன்ன ஜோக்குக்குச் சிரிச்சவங்க, கண்ணைப் பார்க்கிறவங்க. கையைக் கட்டிக்கிட்டு "எங்கே, செய் பார்க்கலாம்"னு உட்கார்ந்திருக்கிறவங்களையும், நாலு கிளாஸ் உள்ளே போனவங்களையும் எந்த அனுபவசாலியும் தொடமாட்டார். வேண்டாம்னா சிரிச்சுக்கிட்டே தலையை அசைச்சு, பக்கத்துல இருக்கிறவங்களைக் காட்டினா போதும். ஒரு செகண்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடுவார். அசிங்கமெல்லாம் இல்ல. பாதியில கழண்டுக்கிறதுதான் ஷோவைக் கெடுக்கும், மறுக்கிறதா இருந்தா ஆரம்பத்துலயே மறுத்துடுங்க.

போனா பெரும்பாலும் எழுதத்தான் சொல்வாங்க. விசிட்டிங் கார்டு அளவுல ஒரு அட்டை, ஒரு மார்க்கர். ஒரே ஒரு சொல், கேப்பிட்டல் எழுத்து, அட்டையோட நடுவுல. "என் சின்ன வயசுல நாங்க வளர்த்த நாய்"னு வாக்கியம் எழுதாதீங்க, நாயோட பேரை மட்டும் எழுதுங்க. மடிக்கச் சொன்னா எழுத்து உள்பக்கம் போற மாதிரி, சொன்ன திசையில, சொன்ன தடவை மட்டும் மடிக்கணும். கூடுதல் பத்திரத்துக்காக எட்டா மடிச்சு நசுக்கிக் குடுக்கிறவங்க உண்டு. அப்புறம் அதைப் பிரிச்சு சபைக்குக் காட்டும்போது ஒருத்தருக்கும் படிக்க வராது, கைதட்டலும் வராது.

எழுதினப்புறம் மனசை மாத்தவே கூடாது. நிறையப் பேர் செய்றது இது: எழுதினது "மதுரை", மேடையில நிக்கும்போது "இல்ல, ஊட்டின்னு எழுதியிருக்கலாமோ"ன்னு அங்கேயே நினைப்பை மாத்திக்கிறது. அவர் மதுரைன்னு சரியாச் சொன்னதும் இவங்க முகத்துல ஒரு குழப்பம் வரும், அதைப் பார்த்து சபை தப்புன்னு முடிவு கட்டிடும்.

கையைப் பிடிச்சுச் செய்ற வகையும் ஒண்ணு இருக்கு. ஒரு பொருளை ஒளிச்சு வைப்பாங்க, உங்க மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டே போய்க் கண்டுபிடிப்பார். இது 1870-கள்ல இருந்து அமெரிக்காவுல பிரபலம். வாஷிங்டன் இர்விங் பிஷப் இதுலதான் பேர் வாங்கினார். நினைப்பு தசையில நமக்கே தெரியாம மெல்லிய அசைவா வெளிப்படும்னு இங்கிலாந்து உடலியல் அறிஞர் வில்லியம் கார்பென்டர் 1852-லயே எழுதிட்டார், ரகசியம் ஒண்ணும் இல்ல. நீங்க செய்ய வேண்டியது, கையைத் தளர்வா விட்டு, "இடது... இன்னும் இடது... நில்லு"ன்னு ஒவ்வொரு அடியா மனசுக்குள்ள கட்டளை போடறது. கையை விறைப்பா வச்சா அவருக்கு ஒண்ணும் எட்டாது. ஏமாத்தலாம்னு வேணும்னே எதிர்ப்பக்கம் இழுத்தீங்கன்னா, எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும்.

லாஜிக்_லோகு

வீட்டுக்காரர் சொல்றதுதான் என் கட்சியும். எழுதச் சொல்றதே வித்தைதானே, மனசைப் படிக்கிறவருக்குப் பேப்பர் எதுக்கு? நான்னா ஒண்ணை எழுதிட்டு வேற ஒண்ணைச் சொல்வேன். அப்ப தெரியும் சேதி.

மூணாம்_வரிசை

லோகு, பேப்பர் எதுக்குன்னா நீங்க சொன்ன அந்தக் கடைசி வரிக்காகத்தான். எழுத்துல இல்லைன்னா "நான் நினைச்சது அது இல்ல"ன்னு யார் வேணும்னாலும் சொல்லிட்டுப் போயிடலாம், மத்த முப்பது பேருக்கு எது உண்மைன்னு தெரியாது. அதுக்கு மேல அந்தப் பேப்பருக்கு வேற வேலையும் இருக்கலாம், அதை இங்கே பேசப் போறதில்ல. நீங்க பொய் சொல்லி ஜெயிச்சா அவர் அடுத்த ஆள்கிட்ட போயிடுவார். நஷ்டம் உங்க வரிசையில டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு.

செட்டப் ஆள் பத்தி: காசில் மாதிரி இடத்துல ஒருத்தர் ஒரு வாரம் முழுக்க, ராத்திரிக்குப் பல தடவை அதே ஷோவைச் செய்றார். பார்க்க வர்றவங்கள்ல அந்தக் கிளப் மெம்பர்களும் இருப்பாங்க, அவங்கள்ல பலர் மேஜிக் செய்றவங்க. ஒரே முகம் ரெண்டாவது தடவை எழுந்து நின்னா அன்னைக்கே பார்ல சிரிப்பா சிரிப்பாங்க. ஜோசப் டன்னிங்கர் 1940-கள்ல அமெரிக்க ரேடியோவுல மைண்ட் ரீடிங் செஞ்ச காலத்துலயே, ஆள் வச்சிருக்கேன்னு நிரூபிச்சா 10,000 டாலர்னு சவால் விட்டார். ஆள் இல்லாம செய்ய வழி இருக்கிறப்ப, வாயைத் திறந்தா மாட்டிவிடற ஒரு ஆளுக்கு எதுக்குச் சம்பளம்?

கிளாவர்_ராணி

மாமாவுக்காகச் சொல்றேன். பிரச்சினை இங்கிலீஷ் வேகத்துல இல்ல, நம்ம பழக்கத்துல இருக்கு. கூப்பிட வாய்ப்பு இருக்கிற எல்லாருமே இதைப் படிச்சுட்டுப் போகலாம்.

தலையாட்டல்: "நினைச்சுட்டீங்களா?"ன்னு கேட்டா நாம பக்கவாட்டுல ஆட்டுவோம். அமெரிக்கக்காரருக்கு அது "இல்லை". அவர் திரும்பக் கேட்பார், நாம இன்னும் வேகமா ஆட்டுவோம். வாயைத் திறந்து "யெஸ்"னு சொல்லிட்டா தீர்ந்தது.

சீட்டு: நாம கிளாவர்னு சொல்றது அங்கே கிளப்ஸ். ஆர்ட்டின் ஹார்ட்ஸ், இஸ்பேடு ஸ்பேட்ஸ். மாமா மனசுல கிளாவர் ராணியை வச்சுக்கிட்டு, அவர் "கிளப்ஸ்"னதும் இல்லைன்னு சொல்லிட்டா ஷோ அங்கேயே படுத்துடும். போறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு சீட்டுக்கட்டை எடுத்து நாலு வகையோட இங்கிலீஷ் பேரையும் சொல்லிப் பார்த்துக்கச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

ராசி: இதுலதான் நம்மாளுங்க நிறைய மாட்டறாங்க. "ஸ்டார் சைன்" கேட்டா அவங்க எதிர்பார்க்கிறது ஆங்கிலப் பிறந்த தேதியை வச்சு வர்ற சூரிய ராசி. நமக்கு ராசின்னா சந்திரன் நின்ன இடம். ஆகஸ்ட் 10-ல பிறந்தவருக்கு அங்கே சிம்மம். நம்ம பஞ்சாங்கப்படி அது ஆடி மாசம், சூரியன் கடகத்துல. ஜாதகத்துல ராசி பன்னிரண்டுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம். அவர் சிம்மம்னு அடிப்பார், மாமா "இல்லையே, நான் விருச்சிகம்"பார். நாலு பேரும் அவங்கவங்க தேதிக்கு மேற்கத்திய ராசி என்னன்னு முன்னாடியே பார்த்து வச்சுக்குங்க. தேதியை எண்ணால எழுதவும் வேண்டாம். 5/8-ன்னு எழுதினா அங்கே மே 8. மாசத்தை எழுத்துல எழுதுங்க.

பேர்: யாராவது ஒருத்தரை நினைக்கச் சொன்னா, இங்கிலீஷ்ல ஒரே மாதிரி எழுதுற, சின்னப் பேரா நினைக்கணும். கமலா நல்லது. ஆனா "எத்தனை எழுத்து?"ன்னு கேட்டா மாமா தமிழ்ல எண்ணி மூணும்பார், அவருக்கு வேண்டியது ஆறு. கனிமொழி, தமிழ்ச்செல்வியெல்லாம் மனசுல இருக்கட்டும், அட்டையில வேண்டாம். ழகர ஸ்பெல்லிங்கை எந்த மகானாலும் படிக்க முடியாது.

நெய்தல்_77

எல்லாருக்கும் நன்றி. பிரஞ்ச்சுக்கே போட்டுடறோம், பட்டியல் பார்த்துட்டு. இன்னும் ரெண்டு: நகை, பணம் கடன் கேட்பாங்களா? ஃபோன் பின் நம்பரைக் கண்டுபிடிக்கிற ஐட்டம் எல்லாம் யூட்யூப்ல பார்த்தேன், அது பயமா இருக்கு.

பர்பாங்க்_பக்கம்

பணம் கேட்பாங்க. சுருக்கமில்லாத 1 டாலர், 20 டாலர் நோட்டு ஒவ்வொண்ணு கையில வச்சுக்குங்க. அதுல கையெழுத்துப் போடச் சொல்லலாம், அதனால ராசிக்கு வச்சிருக்கிற நோட்டை நீட்டாதீங்க. மோதிரம் கேட்டா கல் வச்சதைக் குடுக்க வேண்டாம். நம்ம 22 கேரட் தங்கம் மெத்து, கல்லைப் பிடிச்சிருக்கிற கொக்கி கொஞ்சம் நெளிஞ்சாலும் கல் தளர்ந்துடும். சாதா வளையம் இருந்தா குடுங்க, இல்லைன்னா "இது கழட்ட வராது"ன்னு சொல்லிடலாம், அந்தப் பதில் அவங்களுக்குப் பழக்கம்தான்.

பின் நம்பர் கேட்டா பேங்க் நம்பரையோ ஃபோன் நம்பரையோ மனசுல கொண்டு வராதீங்க. "நிஜப் பின் வேண்டாம், வேற நாலு இலக்கம் எடுத்துக்கறேன்"னு அங்கேயே சொல்லலாம், நல்ல கலைஞர் தானே அப்படிச் சொல்லிடுவார். உணர்ச்சி வேகத்துல நிஜத்தையே நினைச்சு, அவர் சபையில அதைச் சத்தமாச் சொல்லிட்டா, வெளியே வந்ததும் மாத்திடுங்க. கேட்டது முப்பது பேர்.

ஃபோனை சைலன்ட்ல போட்டாப் பத்தாது, ஆஃப். ஸ்மார்ட் வாட்சையும் மறந்துடாதீங்க. இருட்டான அறையில கையைத் தூக்கினதும் அது பளிச்சுன்னு எரிஞ்சு பக்கத்து வரிசை வரைக்கும் கண் கூசும். தியேட்டர் மோடுல போடுங்க, இல்ல கழட்டிப் பைக்குள்ள வைங்க.

மூணாம்_வரிசை

ஒண்ணு விட்டுப்போச்சு. ஷோ முடிஞ்சதும் மாமா அவர்கிட்ட போய் பேத்தி படிப்பு, வீட்டு மனைன்னு குறி கேட்டுடாம பார்த்துக்குங்க. சில மெண்டலிஸ்டுகள் ஆளைப் பார்த்துப் பொதுவாச் சொல்ற மாதிரி ஒரு பகுதியும் செய்வாங்க, கேட்கிறவருக்குத் தன்னையே சொன்ன மாதிரி இருக்கும். உளவியல் ஆசிரியர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-ல தன் மாணவர்கள் எல்லாருக்கும் ஒரே குணச்சித்திரத்தைக் குடுத்து, உனக்காகவே எழுதினதுன்னு சொல்லி மார்க் போடச் சொன்னார். 5-க்கு சராசரி 4.26 விழுந்தது. பொண்ணுக்கு 15 வயசு இல்லையா, வர்ற வழியில கார்ல இதைச் சொல்லிப் பாருங்க. மாமாவும் லோகுவும் ஒரே கட்சி ஆகலாம்.

பர்பாங்க்_பக்கம்

இதே கேள்வியோட வர்ற நியூயார்க்காரங்களுக்கு: அங்கே மேஜிக் கலைஞர் ஸ்டீவ் கோஹனோட சேம்பர் மேஜிக்னு ஒரு சின்ன அறை ஷோ இருக்கு. முன்னாடி வால்டார்ஃப் அஸ்டோரியாவுல நடந்தது, 2017-ல லோட்டே நியூயார்க் பேலஸ் ஹோட்டலுக்கு மாறிடுச்சு. மெம்பர் பாஸ் வேண்டியதில்ல, டிக்கெட் வாங்கினாப் போதும். கோட்டு சூட்டு அங்கேயும் எதிர்பார்ப்பாங்க. ஒரே கெட்டில்ல இருந்து சபையில சிலர் நினைச்ச பானத்தை ஊத்துற ஐட்டத்துக்கு அவர் பேர் போனவர். பானம் எழுதச் சொன்னா "ஜூஸ்"னு எழுதாம எந்தப் பழம்னு எழுதுங்க.