[கலைச்சொல்] டயலைத் துடைப்பதும் திரும்ப அடிப்பதும்

ந.:
அன்பர்களே, வணக்கம். கடிகாரப் பழுதுபார்ப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டயலில், அதாவது எண்ணும் எழுத்தும் உள்ள முகத்தகட்டில், ஊதுபந்தால் தூசியை ஊதி, மிஞ்சியதை ரோடிகோ என்னும் பிசையத்தக்க ஒட்டுப்பொருளால் ஒற்றியெடுப்பது ஒரு வேலை. லாக்கர் என்னும் மெருகுப்பூச்சையும் எழுத்தையும் கரைத்து, பித்தளை தெரியத் தேய்த்து, முலாமிட்டு, வண்ணம் பூசி, சிலிக்கோன் திண்டால் எழுத்தை ஒற்றுவது வேறு வேலை. கையேட்டின் மூலப்பிரதியில் இரண்டும் ‘புதுப்பித்தல்’. எப்படிப் பிரிப்பது?

க.:
மாசகற்றல், மறுபுனைவு. நெடுநல்வாடையின் ‘புனையா ஓவியம்’ வண்ணம் தீட்டாத ஓவியம்தானே? புனைதல் இங்கே அப்படியே பொருந்தும்.

செ.:
ஐயா, புனைவு என்றால் இன்று கதை. பட்டறையில் ‘ரீபெயிண்ட்’ என்கிறார்கள். ‘மறுபூச்சு’ உடனே புரியும். ‘மாசகற்றல்’ என்றால் மாணவர் ஈரப்பஞ்சை எடுப்பார். எழுத்து பெரும்பாலும் லாக்கரின் மேல் ஒற்றப்பட்டது, ஒரே துடைப்பில் ‘ஸ்விஸ் மேட்’ என்ற தயாரிப்பு நாட்டுக் குறிப்பே போய்விடும். ‘தூசுநீக்கம்’ என்போம். இருளில் ஒளிரக் கதிரியக்க ரேடியம் கலந்து பூசிய பழைய டயலைச் சுரண்டவே கூடாது என்பதையும் சேருங்கள். ஒளி மங்குவது அதில் ஒளிரும் பொருளான துத்தநாக சல்பைடு தேய்வதால், கதிரியக்கம் தீர்ந்ததால் அல்ல. ரேடியத்தின் அரை ஆயுளோ சுமார் 1600 ஆண்டு.

க.:
‘மறு’வுக்குக் களங்கம் என்றும் பொருள் உண்டே. குறள் 1117-இல் மதியின் மறு. வயதால் டயலில் படிந்த பழுப்பும் மறுதான்: மாசு போகலாம், மறு இருக்க வேண்டும். அந்தச் சொல்லையே பூச்சுக்கு முன்னால் ஒட்டுவதா? ‘மீள்பூச்சு’ எனலாமே.

செ.:
மீள் தன்வினை. ‘மீள்பூச்சு’ வினைத்தொகையானால் தானே திரும்பி வரும் பூச்சு என்றாகும். ‘மீட்பு’ இன்னும் மோசம். தேய்த்தபின் மூல டயல் எங்கே இருக்கிறது மீட்பதற்கு?

ந.:
நேரமில்லை. வந்த மடல்களில் பெரும்பான்மை தூசுநீக்கம், மறுபூச்சு, அவையே போகட்டும். மறுபூச்சைக் கண்டுபிடிக்கும் அடையாளங்களையும் சேர்க்கிறேன்: விளிம்பில் பிடிப்புக்காக வெட்டிய சிறு பள்ளம், மணிக்குறியோடு நேர்சேராத நிமிடக்கோடு, தடித்த எழுத்து. மும்பையிலிருந்து வரும், மறுபூச்சிட்ட எச்.எம்.டி. கடிகாரங்களில் அந்நிறுவனம் வெளியிடாத நிறங்களும் இருக்கும்.

க.:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. டயலின் மதிப்பைக் கெடுப்பது பூச்சைவிடத் திரும்ப ஒற்றிய எழுத்துதான். பழைய எழுத்தைத் தொடாமல் மேலே நிறமற்ற லாக்கர் மட்டும் பூசுவதும் உண்டே, அதுவும் மறுபூச்சுதானா?