'என், ஜி' என்று இரண்டே எழுத்தில் ஒரு சீனக் குடும்பப் பெயர்: எங், கோ, வூ எல்லாம் இதுதானா?

கிந்தாக்கரை (கேள்வி)

ஒரு சீன-இந்தியக் குடும்பத்தின் வம்சாவளியைத் தமிழில் தொகுக்கும் வேலை. சீனத் தரப்பின் காகிதங்கள் நான்கு ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன, நான்கிலும் குடும்பப் பெயர் வேறு மாதிரி. ஈப்போ பிறப்புச் சான்றிதழில் 'என், ஜி' என்று இரண்டே ஆங்கில எழுத்து. நியூயார்க் தாளில் அதற்கு முன்னால் ஓர் 'ஈ' சேர்ந்து 'எங்'. பினாங்கு உறவினர் 'கோ'. ஹாங்காங் கடிதத்தில் 'வூ'. எல்லாரும் ஒரே குலம் என்பது வீட்டார் வாக்கு. இது சாத்தியமா? எதை வைத்து உறுதி செய்வது? உயிரெழுத்தே இல்லாத இந்தப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது?

ஒலிப்பித்தன்

சாத்தியம்தான். ஆனால் 'என், ஜி' என்பது ஒரு பெயர் அல்ல, குறைந்தது மூன்று பெயர்களுக்கான ஆங்கில உறை. உள்ளே இருக்கும் சீன எழுத்து எது என்று பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

குவாங்டொங், ஹாங்காங் பக்கத்துச் சீனப் பேச்சான கான்டனீஸில் இரண்டு இருக்கின்றன. முதலாவது எழுத்தின் மேலே 'வாய்', கீழே 'வானம்' போன்ற உருவம். கான்டனீஸ்காரர்களே தொலைபேசியில் 'ஹவ் தின் இங்', அதாவது 'வாய்-வானம் இங்' என்றுதான் அடையாளம் சொல்வார்கள் ('என், ஜி'யை இனி 'இங்' என்றே எழுதுகிறேன்). மாண்டரினில் வூ. சீனாவின் முதல் பத்துக் குடும்பப் பெயர்களில் ஒன்று. இரண்டாவதன் இடப்பக்கம் 'மனிதன்' குறி, வலப்பக்கம் 'ஐந்து' என்ற எண். சீனக் காசோலையில் தொகையைத் திருத்த முடியாதபடி எழுத்தால் எழுதும்போது ஐந்துக்குப் போடுவதும் இதே எழுத்துதான். மாண்டரினில் இதுவும் வூ, தொனி மட்டும் வேறு. கான்டனீஸிலும் அப்படியே: வாய்-வானம் தாழ்ந்து இறங்கும், ஐந்து தாழ்விலிருந்து ஏறும். ஆங்கில எழுத்தில் தொனி விழுந்துவிடுவதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

மூலக் கதையில் இவை இரண்டும் சந்திப்பது வேடிக்கை. வாய்-வானம் என்பது யாங்சி முகத்துவாரத்தில் இருந்த வூ நாட்டின் பெயர். மரபுப்படி அதை நிறுவியவர் ட்சோ குலத்து மூத்த மகன் தைபோ, கடைசித் தம்பிக்கு அரசை விட்டுக்கொடுத்துத் தெற்கே வந்தவர். கி.மு. 473இல் யுவே நாடு அதை அழித்தபின் வழிவந்தவர்கள் நாட்டுப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். ஐந்து-இங் குலமோ சூ நாட்டைச் சேர்ந்தது. அதில் பிறந்த வூ ட்சுஷு, தந்தையையும் அண்ணனையும் சூ மன்னன் கொன்றதும் கி.மு. 522இல் ஓடி வந்து சேர்ந்தது இதே வூ நாட்டுக்குத்தான். கி.மு. 484இல் அந்நாட்டு மன்னன் ஆணையால் தற்கொலை செய்துகொண்டார். கதை பின்னிக் கிடந்தாலும் குலம் இரண்டும் வேறுவேறு.

கோ, வூ எப்படி வந்தன? பழைய சீனத்தில் இந்தப் பெயர் 'ங' ஒலியில் தொடங்கியது. வியட்நாம் அதை அப்படியே வைத்துக்கொண்டு ங்ஓ என்கிறது. மாண்டரின் முதல் ஒலியை உதிர்த்தது: வூ. கொரியாவும் உதிர்த்தது: ஓ. ஃபூஜியன் பேச்சான ஹொக்கியன் அதை 'க'வின் மெல்லிய ஒலியாக்கியது: கோ. கான்டனீஸ் தலைகீழாக, உயிரை உதிர்த்து மூக்கொலியை மட்டும் வைத்துக்கொண்டது. இன்றைய ஹாங்காங் பேச்சில் அதுவும் தேய்ந்து வெறும் 'ம்' ஆகக் கேட்கும்.

எனவே உங்கள் பினாங்குக் 'கோ' வாய்-வானமாக இருக்க நிறைய வாய்ப்பு. ஆனால் எழுத்து ஒன்று என்பதால் சொந்தம் ஆகிவிடாது. 'கோ' என்பது ஃபூஜியன் பேச்சு, உங்கள் ஈப்போ கிளை குவாங்டொங் என்றால் பொது மூதாதை ஆயிரம் ஆண்டுக்கு முன்னால்கூட இருக்கலாம்.

தென்கடல்

மேலே சொன்னதோடு மூன்றாவதைச் சேர்க்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூரில் பலர் இடறுவது இங்கேதான். 'மஞ்சள்' என்று பொருள்படும் எழுத்து கான்டனீஸில் வோங். அதே எழுத்து தியோச்சியூ என்ற இன்னொரு சீனப் பேச்சிலும் ஹொக்கியனின் ஒரு பகுதியிலும் 'இங்'! பினாங்கு ஹொக்கியனில் ஊய், இந்தோனேசியாவில் டச்சு எழுத்துமுறைப்படி உய். சிங்கப்பூரின் முன்னாள் தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென்னின் 'இங்' மஞ்சள்தான், வாய்-வானம் அல்ல. வாய்-வானக்காரர் யார் என்றால் முன்னாள் பிரதமர் கோ சோக் தோங். லண்டனில் ஹாங்காங் பெற்றோருக்குப் பிறந்த கணினியியலாளர் ஆண்ட்ரூ இங்கும் கோ சோக் தோங்கும் ஒரே எழுத்து. ஆண்ட்ரூ இங்கும் இங் எங் ஹென்னும் வேறு எழுத்து. ஆங்கிலத்தை மட்டும் பார்ப்பவர் நேர் எதிராகத்தான் சொல்வார்.

ஈப்போவில் இன்னொரு சிக்கல். கிந்தா ஈயச் சுரங்கங்களுக்குக் கான்டனீஸ்காரர்களும் வந்தார்கள், ஹக்கா என்ற வேறொரு சீனப் பேச்சுக்காரர்களும் வந்தார்கள். ஹக்காவிலும் வாய்-வானம் 'இங்' தான். ஆகவே சான்றிதழில் இங் என்றிருப்பதால் மட்டும் கான்டனீஸ் என்று பட்டியலில் எழுதிவிடாதீர்கள்.

ஹாங்காங் 'வூ' இருக்கிறதே, அதை நான் உடனே நம்பமாட்டேன். கான்டனீஸில் 'வூ' என்றே ஒலிக்கும் வேறொரு குடும்பப் பெயர் உண்டு (மாண்டரினில் ஹூ). ஹாங்காங்கில் வூ என்று எழுதுவோரில் பலர் அவர்கள். ஆனால் விதிவிலக்கும் பிரபலமானதுதான்: இயக்குநர் ஜான் வூ கான்டனீஸில் இங் யூ-சம், வாய்-வானம். கடிதம் எழுதியவரின் ஹாங்காங் அடையாள அட்டை நகல் கிடைத்தால் பிரச்சினை ஒரு நிமிடத்தில் தீரும். அதில் சீனப் பெயரோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு இலக்கத் தந்திக் குறியீடு அச்சாகியிருக்கும். வாய்-வானம் 0702, ஐந்து 0124, மஞ்சள் 7806. சீனம் படிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணைப் படிக்கலாம்.

காகிதவாசி

வட அமெரிக்கப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

அங்கே பழைய குடியேறிகளில் பெரும்பகுதி குவாங்டொங்கில் 'நால் மாவட்டம்' எனப்படும் சியீ பகுதியினர்: தைஷான், கைப்பிங், ஷின்ஹுய், என்பிங். ஆவணங்களில் 'சன்னிங்' என்றிருந்தால் குழம்ப வேண்டாம், அது தைஷானின் பழைய பெயர். ஹூனானில் அதே பெயரில் இன்னொரு மாவட்டம் இருந்ததால் 1914இல் மாற்றினார்கள். சன்வூய் என்பது ஷின்ஹுய், ஹொய்பிங் என்பது கைப்பிங்.

'எங்' என்பது உயிரில்லாத பெயரை எழுத முடியாமல் முன்னால் ஓர் உயிரைச் சேர்த்த வடிவம். 'இங்' என்று 'ஐ' போட்டும் கிடைக்கும். வாய்-வானம், ஐந்து இரண்டுமே 'எங்' ஆகியிருக்கின்றன. குலச் சங்கத்தை வைத்துப் பிரிக்கலாம். ஐந்து-இங் குடும்பங்களின் சங்கம் 'எங் சூய் சன்', வூ ட்சுஷுவின் பெயர் தாங்கிய மலையைக் குறிப்பது. வாய்-வானக்காரர்கள் 'ஜீ டக் சாம் டக்' சங்கத்தில் ட்சோ, ட்சாய் போன்ற குலங்களோடு சேர்ந்திருப்பார்கள். சந்தா ரசீது ஒன்று அகப்பட்டால் போதும்.

தேடும்போது எங்கே வழுக்கும்? பெயர் வரிசை முதல் குழி. சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால். எழுத்தர் கடைசி அசையைக் குடும்பப் பெயராக்கிவிடுவார். 1900இல் சான் பிரான்சிஸ்கோவில் சீன நாளிதழ் தொடங்கிய இங் பூன் சூ ஐந்து-இங். ஆனால் அவர் பிள்ளைகளின் குடும்பப் பெயர் 'சூ' ஆகிவிட்டது. தேடுபவர் 'இங்' என்று தேடினால் அடுத்த தலைமுறை மாயமாகிவிடும்.

அடுத்தது ஒலிக்குறியீட்டுத் தேடல். பெயரை ஒலிப்பின்படி குறியீடாக்கும் சவுண்டெக்ஸ் முறையில் இங் 'என்200', எங் 'ஈ520', கோ 'ஜி000', வூ 'டபிள்யூ000'. ஒரே குடும்பம் நான்கு அறையில். ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடியே ஆக வேண்டும். இரண்டெழுத்துப் பெயரை ஏற்காத தேடல் பெட்டிகளும் உண்டு. முழு உரைத் தேடலில் போட்டாலோ வோங், சாங், லியாங் எல்லாவற்றின் வாலும் வந்து குவியும். குடும்பப் பெயர்க் கட்டத்தில், 'அச்சொட்டாக இதே' என்ற தெரிவோடு தேடுங்கள்.

பெரிய குழி 'காகித மகன்'. 1882 முதல் 1943 வரை அமெரிக்காவில் சீனர் குடியேற்றத்தைத் தடுத்த விலக்குச் சட்டம். 1906 நிலநடுக்கத் தீயில் சான் பிரான்சிஸ்கோ பிறப்புப் பதிவேடுகள் எரிந்தபின், 'இங்கே பிறந்தவன்' என்று சொல்லிக் குடியுரிமை பெற்றவர்கள், ஊரில் மகன்கள் இருப்பதாகப் பதிந்து அந்த இடங்களை விற்றார்கள். வாங்கியவர் விற்றவரின் குடும்பப் பெயரில் வாழ்ந்தார். பொய்ப் பெயரில் வந்ததை ஒப்புக்கொள்ள 1956 தொடங்கிய ஒப்புதல் திட்டத்தில் சிலர் உண்மைப் பெயருக்குத் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. இதனால்தான் கல்லறையில் ஆங்கிலப் பக்கம் ஒரு பெயரும் சீனப் பக்கம் வேறு பெயரும் இருக்கும். முரண்பட்டால் சீனப் பக்கத்தை நம்புங்கள். இறந்தபின் பொய்யான குலத்தில் கிடக்க யாரும் சம்மதிப்பதில்லை.

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பதிவுத் தொகுதி 85தான் விலக்குச் சட்டக் கோப்புகள். கோப்பு கிடைத்தால் முதலில் விசாரணைத் தாள்களின் அடியைப் பாருங்கள்: எழுதத் தெரிந்தவர்கள் சீனத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள். கிராமத்தில் எத்தனை வரிசை வீடு, கிணறு எந்தப் பக்கம், அண்டை வீட்டுக்காரர் பெயர் என்று கேள்விகள் நீளும். ஆனால் காகித மகன் என்றால் அந்த விடைகள் மனப்பாடம் செய்தவை, வம்சாவளிக்கு அப்படியே எடுக்கக்கூடாது.

கனடாவில் கிளை இருந்தால், குடியேறும் சீனர் ஒவ்வொருவரிடமும் வாங்கிய தலைவரியின் பதிவேடு. 1885இல் 50 டாலர், 1900இல் 100, 1903இல் 500. 1923இல் கதவையே சாத்திவிட்டார்கள். பதிவேட்டில் பிறந்த ஊர்க் கட்டம் உண்டு, எழுத்துக்கூட்டல் மட்டும் அந்தந்த எழுத்தரின் காதுபடி.

கிந்தாக்கரை

நன்றி. இன்னும் இரண்டு தகவல். ஈப்போ கல்லறையின் உச்சியில் இரண்டு எழுத்து இருக்கிறது, சீனம் தெரிந்த ஒருவர் 'யென்லிங்' என்று படித்தார். அது குடும்பத்தின் சொந்த ஊரா? நியூயார்க் தாளில் மனைவி பெயர் 'இங் ஷீ'. அப்படியென்றால் அவர் கணவரும் இங் தானே?

கல்மேலெழுத்து

இரண்டுக்கும் பதில் 'இல்லை'.

யென்லிங் குலப்பீடத்தின் பெயர், அதாவது குலம் முழுவதும் தன் மூலமாகச் சொல்லிக்கொள்ளும் பழைய இடம். இடம் ஜியாங்சு மாநிலத்தில், வூ இளவரசர் ஜிஜாவின் ஆட்சிப்பகுதி. உங்கள் குடும்பம் அங்கிருந்து கப்பல் ஏறவில்லை. ஆனால் நல்ல செய்தி: அது வாய்-வானத்தின் பீடம். ஐந்து-இங் என்றால் ஆன்திங் என்றும், மஞ்சள் என்றால் ஜியாங்ஷியா என்றும் இருந்திருக்கும். ஆக ஈப்போக் கிளையின் எழுத்து ஏறக்குறைய முடிவாகிவிட்டது. உண்மையான ஊர் கல்லில் வேறு இடத்தில், பெரும்பாலும் ஓரத் தூணில் (மேலிருந்து கீழான எழுத்து வரிசையில்), மாவட்டமும் கிராமமுமாகச் சிறிய எழுத்தில் இருக்கும். வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாகப் படிக்கச் சொல்லுங்கள். நடுத் தூணில் ஆணுக்கு 'குங்' என்ற மரியாதைச் சொல் வரும், அதற்கு ஒட்டி மேலே இருப்பது குடும்பப் பெயர். சிவப்புச் சாயத்தில் ஒரு பெயர் இருந்தால் கல் நட்டபோது அவர் உயிரோடு இருந்தார் என்று பொருள்.

படம் எடுக்கும்போது சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள், கல் அரிக்கும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், சுத்தமான தண்ணீர் தெளித்து எடுத்தால் பள்ளங்கள் தெரியும். நடுத் தூணை மட்டும் எடுத்துவிட்டு வருவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஓரங்களையும் நெருக்கமாக எடுங்கள்.

'ஷீ' என்பது பெயரே அல்ல. 'இங் குலத்தில் பிறந்தவள்' என்று பொருள். ஒரே குலத்தில் மணம் முடிப்பது மரபுப்படி விலக்கு, ஆகவே கணவர் அதே இங் அல்ல என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்-வானமும் ஐந்தும் வேறு குலம் என்பதால் அந்த இரண்டுக்கும் இடையே மணம் நடக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கணவர் 'எங்' ஐந்தாக இருந்து மனைவி வாய்-வானமாக இருந்தால் நியூயார்க் கிளை உங்களுக்குத் தாய்வழி. அவரது சீனக் கையெழுத்தைத் தேடிப் பிடிப்பது இதற்காகவே அவசியம்.

ஒலிப்பித்தன்

தமிழில் எழுதுவது பற்றி. நியாயப்படி 'ங்' என்று தனி மெய்யாக எழுதினால் கான்டனீஸ் ஒலி அப்படியே வந்துவிடும். அந்த ஒலிக்குத் தனி எழுத்து வைத்திருக்கும் நமக்கு ஆங்கிலேயரின் திண்டாட்டம் இல்லை. ஆனால் மெய்யில் தொடங்கும் சொல்லைத் தமிழ்க் கண் ஏற்காது, அச்சுப் பிழை என்று யாராவது திருத்திவிடுவார்கள். சிங்கப்பூர்த் தமிழ் ஊடகங்களில் வழங்கும் 'இங்' போதும். 'எங்' வேண்டாம், அதை நியூயார்க் வடிவத்துக்கு ஒதுக்கிவையுங்கள். இல்லையென்றால் பட்டியலில் இரண்டும் கலந்துவிடும்.

தமிழ் வடிவத்துக்குப் பக்கத்தில் காகிதத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையும், சீன எழுத்தையும் தனிக் கட்டங்களில் வையுங்கள். சீனக் கட்டத்தில் ஒரு கவனம்: வாய்-வானத்துக்கு யூனிகோடில் பழைய வடிவம் 5433, சீனா, சிங்கப்பூர், மலேசியாவின் எளிய வடிவம் 5434, ஜப்பானிய வடிவம் 5449. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு மூன்றும் வேறு. ஈப்போச் சான்றிதழை ஒரு வடிவத்திலும் ஹாங்காங் கடிதத்தை இன்னொன்றிலும் தட்டச்சு செய்தால், தேடும்போது பாதிக் குடும்பம் வராது.