ஹார்ப்சிகார்டின் ஜாக், பிளெக்ட்ரம்: தமிழில் என்ன சொல்ல?

அன்புள்ள குழுவினர்க்கு,

கல்லூரி மாணவர்களுக்கான கேட்டல் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாடம், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் (1741). ஹார்ப்சிகார்ட் என்ற தந்தி தெறிக்கும் விசைப்பலகைக் கருவியின் பெயரை அப்படியே விட்டுவிட்டேன். உள்ளுறுப்புகளில்தான் இடறுகிறது. கட்டையை அழுத்தினால் மறுமுனையில் நிற்கும் மெல்லிய மரப்பட்டை (ஜாக்) எழும். அதில் துருத்தியிருக்கும் முள் (பிளெக்ட்ரம்) தந்தியைத் தெறித்துவிட்டு மேலே போகும். விரலை எடுத்தால் பட்டை இறங்கும். முள்ளைத் தாங்கும் நாக்கு பின்சாய்ந்து தந்தியைத் தாண்டும். துணித்துண்டு ஒலியை அடக்கும். பட்டைக்கும் முள்ளுக்கும் பெயர் வேண்டும்.

---

வணக்கம். சிலப்பதிகாரத்தின் கானல்வரி அடுக்கும் யாழ்க் கரணங்கள் எட்டு: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. ‘உந்தல்’ கையிலிருக்கக் கடன் ஏன்? ஜாக் = உந்து. நாண் தெறிப்பது போல் தெறிப்பதால் பிளெக்ட்ரம் = தெறிமுள்.

---

> ஜாக் = உந்து

ஐயா, பேருந்து, மகிழுந்து என்று அந்தச் சொல் சாலைக்குப் போய்விட்டது. மேலும் கரணம் என்பது நரம்பைத் தொடும் விரலின் தொழில். இங்கே விரல் தந்தியைத் தொடுவதே இல்லை. ‘மீட்டுமுள்’ என்றால் வீணை கேட்ட எவருக்கும் புரியும்.

---

புரியும், ஆனால் தவறாகப் புரியும். வீணையில் மீட்டும் அழுத்தம் கூடினால் ஒலி கூடும். இங்கே மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலியளவு ஏறக்குறைய ஒன்றே. மாணவர் கேட்கவேண்டியது அதைத்தான்: ஒரு சுரத்தை அடுத்ததன்மேல் எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறார், எங்கே இம்மியளவு இடைவெளி விடுகிறார், கமகம் போன்ற அணிகளை எங்கே இடுகிறார். இத்தாலியன் கன்செர்ட்டோவில் (1735) பாக் ‘ஃபோர்ட்டே’ (உரக்க), ‘பியானோ’ (மெல்ல) என்று குறித்தது இரண்டு கட்டை வரிசைகளுக்கிடையே கை மாறுவதற்காக. ஆகவே தெறிமுள். ‘இறகுமுள்’ என்றும் வேண்டாம்; காக்கை இறகு அக்காலத்தது, இன்று பெரும்பாலும் நெகிழி.

---

தெறிமுள் சரி. அப்படியானால் ஜாக் ‘தெறிபட்டை’. வினைத்தொகை, ஊறுகாய் போல, வலி மிகாது.

---

தெறி என்பதை முதனிலைத் தொழிற்பெயராகக் கொண்டால் ‘தெறிப்பட்டை’. தெறிப்பதற்கான பட்டை என்று நான்காம் வேற்றுமை விரிவதே பொருத்தம். தந்தியைத் தெறிப்பது முள், பட்டையன்று.

---

பராமரிப்புப் பகுதியையும் சேர்த்தே முடிவெடுங்கள். முள் நீண்டால் தொடுகை கனக்கும், இறங்கும்போது தந்திமேல் தொங்கி நிற்கும். குட்டையானால் ஒலி மெலியும். ஈரக்காற்றில் பட்டை ஊதித் துளையில் சிக்கும். ‘தெறிபட்டை சிக்கியது’ என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள், நா இடறவில்லை. இன்னொன்று: தந்தி வரிசையின் பெயரை ‘8 அடி வரிசை’ என்று மொழிபெயர்க்காதீர்கள். அது ஆர்கன் குழாயின் அளவிலிருந்து வந்த பெயர். மாணவர் தந்தியே 8 அடி என்று எண்ணிவிடுவார். இயல்சுருதி வரிசை எனலாம். 4 அடிக்கு மேல்ஸ்தாயி வரிசை.

---

நன்றி. பெரும்பான்மைப்படி தெறிமுள், தெறிபட்டை என்றே அனுப்புகிறேன். மீட்டுமுள் அடிக்குறிப்பில் இருக்கும். விரலை எடுக்கையில் முள் தந்தியை உரசும் அந்தச் சிற்றொலிக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. ‘சொடுக்கு’ என்றால் கணினிச் சுட்டி நினைவுக்கு வருகிறது.

---

> தெறிபட்டை என்றே அனுப்புகிறேன்

ஒற்று இல்லாமல் அச்சேறுவதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.