முதல் முறையாக நாயைக் காப்பகத்தில் விடுகிறோம்: எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி:
எங்கள் 9 வயது நாய் ஓர் இரவுகூட எங்களைப் பிரிந்து இருந்ததில்லை. இடி இடித்தால் கட்டிலுக்கடியில் ஒடுங்கிக்கொள்ளும். அடுத்த மாதம் 10 நாட்கள் வெளியூர் செல்ல வேண்டியிருப்பதால், அருகிலுள்ள காப்பகம் ஒன்றில் விட எண்ணுகிறோம். நேரில் பார்க்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
நாய்கள் உறங்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வரவேற்பறையோடு திருப்பி அனுப்பும் இடத்தை நான் நம்புவதில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் உட்புறம் அழுக்குப் படிந்து வழவழக்கிறதா என்று விரலால் தொட்டே பாருங்கள். இரவில் ஆள் தங்குகிறாரா என்றும் கேளுங்கள்.

பதில் 2:
தடுப்பூசிச் சான்று கேட்காத காப்பகத்தைத் தவிர்த்துவிடுங்கள். கென்னல் காஃப் என்னும் தொற்று இருமல், நாய்கள் நெருங்கி வாழும் இடங்களில் எளிதில் பரவுவதோடு, அறிகுறி தெரிய 2 முதல் 14 நாட்கள் வரை ஆகலாம் என்பதால், நலமாகத் தோன்றும் நாயிடமிருந்தும் தொற்றிக்கொள்ளும். அதற்கான தடுப்பூசியை முதன்முறை ஊசியாகப் போடுவதானால், 2 முதல் 4 வார இடைவெளியில் 2 தவணைகள் தேவை. ஆகவே இந்த வாரமே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

பதில் 3:
பயணத்துக்கு முன்பே ஓர் இரவு விட்டுப் பாருங்கள். எங்கள் நாய் முதல் நாள் உணவைத் தொடவேயில்லை. நாங்கள் துவைக்காமல் கொடுத்தனுப்பிய பழைய போர்வையில் முகம் புதைத்த பிறகுதான் அமைதியடைந்தது. வழக்கமான உணவையே வேளைக்கு வேளை பிரித்துக் கொடுத்துவிடுங்கள். திடீரென உணவு மாறினால் வயிற்றுப்போக்கு வரலாம். இடிக்கு அஞ்சும் என்பதை எழுதியே கொடுங்கள்.