மறுமொழி: ‘ஃப்ரேசல் வெர்ப்’ – தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

> ‘சொற்றொடர் வினை’ என்றே வைத்துக்கொண்டால் என்ன?

ஆங்கிலத்தில் ஒரு வினையோடு ‘ஆஃப்’, ‘அப்’ போன்ற சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருவதைத்தான் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறார்கள். அதற்கு இந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் சொற்றொடர் என்றதும் பலருக்கும் முழு வாக்கியம்தான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலம் கற்பவர் எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். ‘புட்’ என்றால் வை என்று அவருக்குத் தெரியும். ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘அப்’ எல்லாமும் தெரியும். இருந்தும் ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு, ‘புட் அவுட்’ என்றால் தீயை அணை, ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள் என்று அவரால் எப்படி ஊகிக்க முடியும்? கூட வரும் அந்தச் சின்னச் சொல்தான் பொருளைப் புரட்டிப் போடுகிறது. அது பெயரிலேயே தெரிய வேண்டும்.

‘கூட்டுவினை’ வேண்டவே வேண்டாம். கைவிடு போன்ற தமிழ் வினைகளுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே வழங்குகிறது. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு என்று சொல்லிக்கொடுக்கும்போது இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

‘ஒட்டுவினை’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இவை ஒட்டியே இருப்பதில்லையே! விளக்கை அணை என்பதற்கு ‘டர்ன் ஆஃப் த லைட்’ என்றும் சொல்லலாம், ‘டர்ன் த லைட் ஆஃப்’ என்றும் சொல்லலாம். விளக்குக்குப் பதில் ‘இட்’ வந்துவிட்டால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டும்தான் சரி; ‘டர்ன் ஆஃப் இட்’ பிழை. பார்த்துக்கொள் என்னும் ‘லுக் ஆஃப்டர்’ அப்படியில்லை. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’தான், எந்தப் பெயர்ச்சொல்லையும் நடுவில் விடாது.

அதனால் என் பரிந்துரை ‘இடைச்சொல்வினை’. தனித்து இயங்காமல் வேறு சொல்லைச் சார்ந்து வருவதைத்தானே தமிழில் இடைச்சொல் என்கிறோம்; கூட வரும் அந்தச் சின்னச் சொல் பெயரிலேயே தெரிந்துவிடும். ‘டர்ன் ஆஃப்’ வகையைப் பிரியும் இடைச்சொல்வினை என்றும், ‘லுக் ஆஃப்டர்’ வகையைப் பிரியா இடைச்சொல்வினை என்றும் சொல்லிவிடலாம். பெயரைக் கேட்டதுமே எப்படிப் பயன்படுத்துவது என்பதும் பாதி விளங்கிவிடும்.

> ‘ஆஃப்’ தனியாகவும் வருமே ஐயா, அதை இடைச்சொல் எனலாமா?

நல்ல கேள்வி. விளக்கு ‘ஆஃப்’ ஆகியிருக்கிறது என்னும்போது அதன் வேலை வேறு. இங்கே அது வினையைச் சார்ந்து நின்று பொருளை மாற்றுகிறது. இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும் என்றுதானே தொல்காப்பியமும் சொல்கிறது? அந்த அளவுக்குப் பொருந்துகிறது, போதும்.

அகராதியில் இப்படிப் பதியலாம்: புட் ஆஃப் – இடைச்சொல்வினை, பிரியும், தள்ளிப்போடு, ஒத்திவை.

‘புட் அப் வித்’ மாதிரி இரண்டு சொல் சேர்ந்து வருகிறவற்றையும் இதே பெயரில் அடக்கலாம் என்பது என் எண்ணம். தனிப்பெயர் வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.